கடல் கடந்த கல்வியும் கடைசி வரிசைப் பிள்ளையும்

ஆசிரியர் விமானம் ஏறினார்!

2024 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் ஏடுகளில் வந்த செய்தி இது. 'கனவு ஆசிரியர்' விருது பெற்றவர்களுள் 55 பேரைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை பிரான்சு நாட்டுக்கு அழைத்துச் சென்றது. இராஜபாளையத்துத் தேநீர்க் கடையொன்றில் ஏட்டை விரித்து வைத்திருந்த பெரியவர் ஒருவர், "வாத்தியாருக்கு வந்த வாழ்வைப் பார்த்தீரா!" என்று நம்மை நோக்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏளனமும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. நாம் மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஏன் மகிழக்கூடாது? கல்விக்காகக் கடல் கடப்பது ஒரு காலத்தில் யாருக்குக் கிட்டிய பேறு? சீமான் வீட்டுச் செல்வன் பாரிஸ்டர் பட்டம் பெறக் கப்பலேறினான். கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள்கூட, திரும்பி வந்தபின் சடங்கு செய்து அந்தத் தீட்டைக் கழுவிக்கொண்டனர். ஊர்ப்புறத்துப் பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்துத் தோல் வறண்டுபோன கைக்கு, கடவுச்சீட்டைப் பிடிக்கும் நாள் வரும் என்று அன்று யார் எண்ணினார்? வந்துவிட்டது அந்த நாள். வாழ்த்துவோம்!

சென்றது சரி, கொண்டுவருவது என்ன? இதுவே நமது வினா. சென்றவர்மீது குறை காண்பதற்காக இதைக் கேட்கவில்லை. கல்வியாளர்கள் அயல்நாடு சென்று, அங்குள்ள பள்ளிகளைக் கண்டு, மேடையில் பேசுவதும் ஏட்டில் எழுதுவதும் இன்று தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்து நிற்கிறது. கதைக்குத் திறனாய்வு உண்டு. கவிதைக்குத் திறனாய்வு உண்டு. கல்விப் பயண நூலுக்கு மட்டும் கைத்தட்டல் போதுமா? நம் பிள்ளைகளின் நாளைய வகுப்பறையை மாற்றப்போகும் எழுத்தாயிற்றே! அதனை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டாமா?

* * *

அளவுகோலைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு நூலின் தலைப்பிலேயே அது கிடைக்கிறது.

நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் காமராசர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்தவர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். சோவியத் நாட்டையும் இங்கிலாந்தையும் கண்டவர். அவர் எழுதிய பயண நூலொன்றின் பெயர் 'அங்கும் இங்கும்'. இரண்டே சொற்கள்! ஆனால், அயல்நாடு செல்லும் கல்வியாளன் ஒவ்வொருவனும் தன் பெட்டியின்மேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய சொற்கள். அங்கே கண்டதை இங்கே உள்ளதோடு வைத்துப் பார். இங்கே இல்லாததற்குக் காரணம் என்னவென்று கேள். பிறகு செய்யத் தக்கதைச் செய். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான், 1956 ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் பிறந்தது. ஊர்மக்களே திரண்டு தம் பள்ளிக்குப் பலகையும் மணியும் கட்டடமும் வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அக்காலத்தில்தான் நடைபெற்றன. அயல்நாட்டுப் பள்ளி ஒன்றின் அச்சு அசலான படி என்று அவற்றுள் எதையும் கூற முடியாது. பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்காது என்பதை 'இங்கு' சொல்லிக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்ற துணிவை 'அங்கு' வளர்த்திருக்கும்.

இன்றைய பயணக் கட்டுரைகள் பலவற்றைப் படிக்கிறோம். 'அங்கு' நிறைய இருக்கிறது. கண்ணாடிச் சுவர், வண்ண நாற்காலி, வட்ட மேசை, வகுப்புக்கு இருபது பிள்ளைகள், தேர்வில்லை, தடியில்லை, சீருடையில்லை — அடடா, அடடா! இறுதிப் பத்தியில், 'நம் நாட்டில் இந்நிலை என்று வருமோ?' என்றொரு பெருமூச்சு. அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. 'இங்கு' அந்தப் பெருமூச்சிலேயே கரைந்துபோகிறது. பெருமூச்சு விடுவதற்கு விமானச் சீட்டு எதற்கு? அதை வீட்டுத் திண்ணையிலேயே விடலாமே!

* * *

கடல் கடந்து கற்றவர் எப்படித் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டும் நூல் ஒன்று தமிழிலும் கிடைக்கிறது. தெத்சுகோ குரோயாநாகி என்னும் அம்மையார் தம் இளமைப் பள்ளியைப் பற்றி 1981 இல் எழுதிய 'டோட்டோ-சான்'. நமது பக்கத்து வாசகர் வட்டங்களில் கை மாறிக் கை மாறி முனை மழுங்கிய நூல்களுள் இதுவும் ஒன்று.

சோசாகு கோபயாஷி என்னும் ஜப்பானிய ஆசிரியர் ஐரோப்பா சென்றார். பாரிசு நகரில், இசையோடு உடலை இயைத்துக் கற்பிக்கும் தால்குரோசு முறையைப் பயின்றார். திரும்பி வந்து 1937 ஆம் ஆண்டில் தோக்கியோவில் 'தோமோயே' என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். கட்டடம் எழுப்பப் பொருளில்லையே என்று அவர் கலங்கினாரா? பயனற்றுப்போன இரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கினார். காலையில் எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தனர். மதிய உணவுப் பெட்டியில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் இருந்தால் போதும் என்றார். சத்துணவுப் பாடம் முழுவதையும் அந்த ஒரு சொல்லிலே அடக்கிவிட்டார். முந்தைய பள்ளி 'அடங்காப் பிள்ளை' என்று விரட்டிய சிறுமியைத் தம் முன்னே அமர்த்தி, அவள் சொல்வதையெல்லாம் நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரம்! நாம் ஒரு மாணவனுக்கு ஓர் ஆண்டில் அவ்வளவு நேரம் செவி கொடுத்திருப்போமா? எண்ணிப் பார்த்தால் நெஞ்சு சுடுகிறது.

இந்நூலைப் போற்றுவோர் பலரும் இரயில் பெட்டியைத்தான் போற்றுகின்றனர். பள்ளிச் சுவரில் இரயில் பெட்டி வரைந்து வண்ணம் பூசிய ஊர்களும் உண்டு. அழகுதான், தவறில்லை. ஆனால் கோபயாஷி பாரிசிலிருந்து பெட்டியைக் கொண்டுவரவில்லை, செவியைக் கொண்டுவந்தார். போலியோவால் கால் சூம்பிய பிள்ளையும் அந்தப் பள்ளியில் எல்லாரோடும் நின்றான், மரமும் ஏறினான். பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு இடமில்லை என்பதைப் பார். அந்தப் பிள்ளைக்கு இடம் கொடு. மற்ற யாவும் தாமே வந்தமையும். நூலின் உயிர் நிலை இதுதான். 1945 ஆம் ஆண்டில் போர் விமானங்கள் பொழிந்த நெருப்பில் தோமோயே எரிந்தது. எரிகின்ற பள்ளியைப் பார்த்துக்கொண்டே, அடுத்த பள்ளியை எப்படி அமைக்கலாம் என்று அவர் மகனிடம் கேட்டதாக நூல் கூறுகிறது. இரயில் பெட்டியை மட்டும் நம்பியவரால் அப்படிக் கேட்க முடியுமா?

நம் ஆசிரியர்கள் சென்ற பிரான்சு நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. செலசுத்தென் பிரெனே (1896–1966) என்பவர் முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். போருக்குப் பின் தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியரானார். நெடுநேரம் உரக்கப் பேச அவருக்கு மூச்சு இடந்தரவில்லை. பேச முடியாத ஆசிரியன் என்ன செய்வான்? பிள்ளைகளைப் பேசவிட்டார்! ஊரைச் சுற்றி அழைத்துச் சென்றார். கண்டதை எழுதச் சொன்னார். வகுப்பறையில் சிறு அச்சுப் பொறி ஒன்றை வைத்து, அவர்கள் எழுதியதை அவர்களையே கோக்கச் செய்து, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார். ஏழைக் குடியானவன் பிள்ளை எழுதிய வரி அச்சேறியது! மாணவரை நடுவில் வைத்த கல்வி என்று இன்று மாநாடுகளில் முழங்குகிறோமே, அந்த முறையின் ஆணிவேர்களுள் ஒன்று மாளிகையில் முளைக்கவில்லை. மூச்சு முட்டிய ஒரு சிற்றூர் ஆசிரியனின் முட்டுப்பாட்டில் முளைத்தது. வசதி வந்தபின் மாறுவோம் என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

நமக்கும் இத்தகைய பயணம் புதிதன்று. ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளியின் முறையைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் சென்று கற்றனர். 2003 இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08 இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறலாம் என்றாயிற்று. பெரும்புரட்சி! ஆனால், நாள் செல்லச் செல்ல, அட்டையை எடுப்பதும் அட்டையை அடுக்குவதுமே கற்பித்தல் என்றாகிவிட்ட வகுப்புகளையும் நாம் கண்டோம். அட்டை வந்தது, செவி வரவில்லை. 2022 இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோதும் நமது அச்சம் அதுவே. முறை எந்தப் பெயரில் வந்தாலும், கடைசி வரிசைப் பிள்ளை வாய் திறந்தானா என்பதே கேள்வி.

* * *

இதுவரை கூறியது ஒரு பொட்டலம். அயல்நாட்டிலிருந்து வரும் இரண்டாம் பொட்டலம் ஒன்று உண்டு. அதன் பெயர் வீட்டுக் கல்வி. முதற் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டியே அதனை விற்கிறார்கள். சேர்த்துக் கட்டத் தக்கவைதானா இவை இரண்டும்? அங்கேதான் நமக்கு ஐயம்.

திருவில்லிபுத்தூரில், 1875 ஆம் ஆண்டு முதல் ஊருக்கு அறிவூட்டிவரும் பென்னிங்டன் நூலகத்து வாயிலில், ஒரு மாலையில் நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். கணினிப் பொறியாளர், பெருநகரில் வேலை, விடுப்பில் ஊர் வந்திருந்தார். ஆறு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை என்றார். "பள்ளி என்பது சிறை. மதிப்பெண் என்பது விலங்கு. என் மகள் வீட்டிலேயே, தோட்டத்திலேயே, விரும்பியதைக் கற்பாள்" என்றார். அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட்டின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் தோற்பது ஏன் என்று 1964 இல் நூல் எழுதி, பள்ளியைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையை மெல்ல மெல்ல இழந்து, 1977 இல் வீட்டுக் கல்விக்கென்றே ஓர் ஏடு தொடங்கியவர் ஹோல்ட்.

நண்பர் நல்லவர், மகளை உயிராய் நேசிப்பவர். அவர் பள்ளியின்மேல் சாட்டிய குற்றங்களில் பாதியை நாமே ஒப்புக்கொள்வோம். தடி உண்டு, மனப்பாடம் உண்டு, மதிப்பெண் வெறி உண்டு, கட்டணக் கொள்ளையும் உண்டு. ஆனால், "நம்மைப்போல் எல்லாரும் இதைச் செய்தால் நாடு மாறும்" என்று அவர் முடித்தபோது, நாம் திடுக்கிட்டோம்.

எல்லாரும் என்றால் யார்? வீடு என்றால் யாருடைய வீடு?

பிரான்சு நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 28 ஆம் நாள் இயற்றிய சட்டம் அங்கே கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதை வீட்டிலும் கொடுக்கலாம் என்று விட்டுவைத்தது. கட்டாய வயதை 2019 இல் மூன்றாக இறக்கினார்கள். 2022 ஆம் ஆண்டுப் பள்ளித் தொடக்கம் முதல், வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் முன்கூட்டியே அரசின் இசைவைப் பெற வேண்டும். நோய், உடற்குறை, விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, தொலைவு போன்ற காரணங்களைக் காட்ட வேண்டும். பக்கத்து ஜெர்மனியிலோ பிள்ளை பள்ளிக்கு வந்தே தீர வேண்டும். நாம் வழி கேட்கச் சென்ற நாடே வீட்டுக் கல்வியின் கதவை ஒருக்களித்துச் சாத்துகிறது. நாமோ அந்தக் கதவை அகலத் திறந்துவைக்கத் துடிக்கிறோம். வேடிக்கை அல்லவா இது!

அந்நாட்டுக் காரணங்கள் அந்நாட்டுக்கு. நமக்கு நம் காரணங்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு 'வீடு' என்ற சொல்லின் வரலாறு தெரியும்.

நமக்கு அருகில்தான் சிவகாசி. 'குட்டி ஜப்பான்' என்று புகழப்பட்ட ஊர். பெரிய ஜப்பானில் கோபயாஷியின் பிள்ளைகள் இரயில் பெட்டியில் ஏறிப் படித்தார்கள்; குட்டி ஜப்பானின் பிள்ளைகளோ விடியுமுன் பேருந்தில் ஏறித் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்றார்கள். அவர்களைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990 இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார். தொழிற்சாலைக்குப் போகாத பிள்ளைகள்? வீட்டில் இருந்தார்கள், தீப்பெட்டி ஒட்டினார்கள். 1986 ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தொழிற்சாலைக் கதவைத் தட்டியது. ஆனால் குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தமும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. சட்டத்தின் கண் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. படிக்கு அப்பால் உள்ளதே வீடு! அங்கே நடப்பது கல்வியா, கூலி வேலையா என்று பார்ப்பவர் யார்?

இன்னும் ஒரு வரலாறு உண்டு. 1953 ஆம் ஆண்டில் இராஜாஜி ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன சொல்லிற்று? பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழகு என்றது. வீட்டுக் கல்வி என்ற பெயர் அன்று அதற்கு இல்லை. குலக்கல்வி என்று மக்கள் பெயர் சூட்டினார்கள். சிரைப்பவர் பிள்ளைக்குக் கத்தி, வெளுப்பவர் பிள்ளைக்குத் துறை, உழுபவர் பிள்ளைக்கு ஏர், பெண்ணென்றால் அடுப்பங்கரை! வீடு கற்பித்தது வேறெதனை? நாடே பொங்கி எழுந்தது. 1954 இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று விரட்டப்பட்ட திட்டம் இன்று அயல்நாட்டு உடை உடுத்து, ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தால், நாம் அடையாளம் காணத் தவறலாமா?

* * *

"நிறுத்தும்! தொழிலோடு சேர்ந்த அறிவை இகழ்கிறீரா? கையால் செய்து கற்பதுதானே மாணவர் மையக் கல்வி?" என்று நண்பர் கேட்டார். கூர்மையான கேள்வி. விடையைச் சொற்பொழிவால் சொல்லாமல், நமது வகுப்பறையைக் கொண்டே சொல்கிறோம்.

'டோட்டோ-சான்' படித்த சூட்டில், ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், நமது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 41 பேரிடம், "இன்று நீங்கள் அறிந்த ஒன்றை எங்களுக்குக் கற்பியுங்கள்" என்றோம். முதல் அரைமணி நேரம் பெருங்கூச்சல். அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாம் நாணினோம், நிறுத்திவிடலாம் என்றுகூட எண்ணினோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். ஆண்டு முழுவதும் நம்மிடம் பத்துச் சொற்கள் பேசாதவன். சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர் மகன். சுண்ணக்கட்டியை எடுத்து விசைத்தறி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்தான். இது பாவு, இது ஊடை என்றான். புண்ணுக்குக் கட்டும் துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே ஏன் இடைவெளி விட்டு நெய்கிறார்கள் என்று விளக்கினான். பாவு நூல் அறுந்தால் எப்படி முடிவது என்று கையசைத்துக் காட்டினான். வகுப்பு வாயடைத்து நின்றது.

அப்புறம் தொடங்கின கேள்விகள். "அந்த இரைச்சலில் உங்க அப்பாவுக்குக் காது கேட்குமா?" என்றது ஒரு குரல். அவன் சற்றுத் தயங்கி, "சத்தமாச் சொன்னாக் கேட்கும்" என்றான். "ஒரு மீட்டருக்கு எவ்வளவு கூலி?" என்றது இன்னொரு குரல். சொன்னான். மருந்துக்கடையில் அந்தத் துணி என்ன விலை என்று மற்றொருவன் சொன்னான். பெருக்கினார்கள், கழித்தார்கள். நாம் ஓராண்டாகப் புகட்ட முயன்ற கணக்கு, அன்று தானாக ஓடியது. நூல் விலை, மின்சாரம் எல்லாவற்றையும் தள்ளிக் கழித்த பிறகு, முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மிச்சம் யாருக்கு, சார்?" என்று கேட்டாள்.

மிச்சம் யாருக்கு! நூற்றுக்கணக்கான நூல்கள் கேட்கும் கேள்வியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி கேட்டாள்.

இப்போது நண்பருக்கு நமது விடை இதுதான். அந்தப் பையன் வீட்டிலும் தறி இருக்கிறது; தறியைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம் வீட்டில் அறிந்ததே; மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் தறி அவனுடைய கையைக் கேட்கிறது; பள்ளியில் அவன் தறியைக் கேள்வி கேட்கிறான். வீட்டில் அவன் தறிக்காரர் மகன். பள்ளியில் அன்று அவன் ஆசிரியன். "மிச்சம் யாருக்கு?" என்ற கேள்வி அவன் வீட்டில் பிறந்திருக்காது. தறிக்காரர் மகனும் மில் தொழிலாளி மகளும் கடைக்காரர் மகனும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததால்தான் பிறந்தது. பல வீடுகள் ஒன்றுகூடும் இடத்துக்குத்தான் பள்ளி என்று பெயர். பள்ளியைக் கலைத்துவிட்டு வீடு வீடாகக் கல்வியைப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வீட்டு அறிவு கிடைக்கும். தன் வீட்டுச் சாதியும் சேர்ந்தே கிடைக்கும்.

* * *

கேள்வி கேட்ட அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வாரம் கழிந்து அவள் வீட்டுக்குச் சென்றோம். தாய் நூற்பாலையில் இரவு வேலை முடித்துக் களைத்து உறங்கிக்கொண்டிருந்தார். தம்பியை மடியில் இருத்திக்கொண்டு, அவள் கட்டுத்துணியை வெட்டிச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. நம் குரல் கேட்டு எழுந்த தாய், முந்தானையைச் சரி செய்துகொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். பாடப் புத்தகத்தைக் கொடுத்துட்டுப் போங்க. வீட்டில இருந்தே படிக்கட்டும்."

வீட்டில் இருந்தே படிக்கட்டும்! நூலக வாயிலில் பொறியாளர் சொன்னதும் இதே தொடர்தான். சொற்கள் ஒன்று, பொருள் எவ்வளவு வேறு! அங்கே அது விருப்பம். இங்கே அது விதி. அங்கே தோட்டம்; இங்கே துணிச் சுருள். அங்கே கற்பிக்கத் தாயும் தந்தையும் மாறி மாறி அமர்வர். இங்கே தாயின் இமை திறக்க மறுக்கிறது. அந்தத் தாயை நாம் குறைகூறுவோமா? கூறமாட்டோம். ஆனால் வசதியுள்ளோர் ஒவ்வொருவராகப் பள்ளியை விட்டு வெளியேறி, அதுவே முற்போக்கு என்று பறைசாற்றும் நாளில், இந்தத் தாயிடம் சென்று, "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும் உரிமையை நாம் எந்த முகத்தோடு பெறுவோம்?

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காட்டி, "ஆண்டாள் எந்தப் பள்ளிக்குச் சென்றாள்?" என்று கேட்பவர்களும் உண்டு. தந்தையிடம் வீட்டிலே கற்றுத் தமிழுக்குப் பாட்டுத் தந்த பெண், அழியாப் புகழ் பெற்றவள்; அந்தக் கவிதைக்குத் தலை வணங்குவோம். ஆனால் அந்தத் தந்தை புலவர்! புலவர் வீட்டில் வளர்ந்த ஒருத்தியின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. அதே தெருக்களில் அந்த ஆயிரம் ஆண்டும் 'வீட்டில் இருந்த' மற்றப் பெண்களின் பெயர்கள் எங்கே? ஒருத்தியைக் காட்டி ஓராயிரம் பேரை மறைப்பது வாதமாகாது.

* * *

ஆகவே, நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பள்ளியை வீடாக்குங்கள், வீட்டைப் பள்ளியாக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில் நல்லது எதுவோ — அன்பு, அச்சமின்மை, பெயர் சொல்லி அழைக்கும் உரிமை, பசித்தால் சோறு — அதைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள். 1956 இல் மதிய உணவும், 2022 இல் காலை உணவும் பள்ளிக்குள் வந்தது அந்த வழியிலேதான். சோறு வந்துவிட்டது, செவியும் வரட்டும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்கள் தெருத்தெருவாய்ச் சென்றார்கள். நற்பணி! கல்வி இல்லத்தைத் தேடிச் சென்றது, பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு மீட்டுவர. இல்லத்திலேயே விட்டுவிட்டு வர அல்ல.

இனிக் கடல் கடக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்று வாருங்கள், கண்ணாரக் காணுங்கள். கோபுரத்தையும் ஓவியக் கூடத்தையும் கண்டு மகிழுங்கள். உழைத்த கண்களுக்கு அந்த இன்பம் உரியதே. ஆனால் அங்குள்ள வகுப்பில் நுழைந்ததும், சுவரைப் பார்க்குமுன் கடைசி வரிசையைப் பாருங்கள். அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர் பிள்ளை எங்கே அமர்ந்திருக்கிறது? வாய் திறக்கிறதா? ஆசிரியர் அதனிடம் எவ்வளவு நேரம் செவி கொடுக்கிறார்? வராத பிள்ளையைத் தேடி யார் போகிறார்? இவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். கட்டடத்தின் படத்தை அஞ்சலட்டையிலும் காணலாம். இந்த விடைகளை நேரில் சென்றவரே தர முடியும். திரும்பி வந்து எழுதும் ஏட்டில், 'அங்கு' என்று ஒரு பக்கம் எழுதினால், 'இங்கு' என்று இரு பக்கம் எழுதுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? தலைமையாசிரியரும் நாமும் மேலும் இரு முறை சென்றோம். தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டி இசைந்தார். இப்போது வருகிறாள். சில திங்கட்கிழமைகளில் இன்னும் அவள் இடம் வெறுமையாகவே இருக்கிறது, செவ்வாயன்று வந்துவிடுகிறாள். வந்ததும், விட்டுப்போன பாடத்தை அந்தத் தறிக்காரர் மகனிடம்தான் கேட்டு எழுதிக்கொள்கிறாள். அவன் இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறான்.